பாம்பன் சாலையோரக் கருவாட்டுக் கடைகள்: மூக்கை நம்பி வாங்குங்கள்

நெத்திலியைத் தைரியமாக வாங்கலாம். சாளையில்தான் கவனம் வேண்டும், அதற்கு வாடைச் சொற்கள் தெரியணும். ‘கவுச்சி அடிக்குது’ என்றால் காய்ச்சல் போதவில்லை. இன்னும் இரண்டு வெயில் கொடுத்தால் தேறிவிடும். ‘கப்படிக்குது’ என்றால் ஈரத்தோடு மூட்டை கட்டிப் புழுங்கிய சரக்கு. ‘சிக்கு வாடை’ கொழுப்பு மீனுக்குத்தான் அதிகம் வரும்: சாளையின் எண்ணெய் காற்றுபட்டுக் கெட்டிருக்கும், எத்தனை அலசினாலும் போகாது. ‘நாறுது’ என்றால் பேச்சே இல்லை. உப்பு ஏறுமுன்பே அழுகிய மீன்.

மேலே முகர்ந்தால் உப்பு வாடை எல்லாவற்றையும் மறைத்துவிடும். முதுகுப் பக்கம் முறித்து முகருங்கள். இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தால் வேண்டவே வேண்டாம்.

நெத்திலியில் மணல் இருக்கும். தலை கிள்ளி, வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசுங்கள்.