டெர்மினலின் பெயரை நம்புவதா, அதனிடமே கேட்பதா?

தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரு சர்வருக்குள் நுழைகிறோம். இந்தப் பக்கம் இருப்பது எந்த டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டும் எந்தத் திரை நிரல், என்று அந்தப் பக்கத்துக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும், நிரல்கள் எடுத்துப் பார்க்கும் டெர்ம் (TERM) என்கிற சூழல் மாறியால்தான். அதில் இருப்பது வெறும் பெயர். எஸ்எஸ்ஹெச் அதைச் சுமந்துகொண்டு போகும், எந்த டெர்மினல் என்னென்ன செய்யும் என்று குறித்துவைத்திருக்கும் டெர்மின்ஃபோ தரவுத்தளத்தில் சர்வர் அதைத் தேடும். பில் ஜாய் விஐ எடிட்டருக்காக அதன் முன்னோடியான டெர்ம்கேப் எழுதிய 1970களின் இறுதியிலிருந்து வரும் வழக்கம். காத்திருப்பே கிடையாது, வேகமானது.

ஆனால் அந்தப் பெயர் சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! புது டெர்மினல் ஒன்றைப் போட்ட கையோடு பழைய சர்வரில் நுழைந்தேன். ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளை, இந்த டெர்மினல் யாரென்றே தெரியாது என்று கைவிரித்தது, பேக்ஸ்பேஸைத் தட்டத் தட்ட எழுத்து அழியாமல் வெற்றிடம் நீண்டுகொண்டே போனது. இந்த வம்பே வேண்டாமென்றுதான் பல டெர்மினல்கள் தங்களை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று சொல்லிக்கொள்கின்றன. தெருவே ஒரே பெயரில் ரேஷன் கார்டு வாங்கிய கதை.

சரி, நேரடியாகக் கேட்டால்? 1978இல் வந்த விடி100 என்ற டெர்மினல் கருவியிலேயே அது உண்டு. எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, சி என்று அனுப்பினால், ‘?1;2சி’ என்று முடியும் பதில் வரும்: நான் விடி100, கூடுதல் வீடியோ வசதியும் பொருத்தியிருக்கிறது என்று அர்த்தம். பொய் குறைவு. சிக்கல் என்னவென்றால், அந்தப் பதில் நாம் விசைப்பலகையில் தட்டுவது வருகிற அதே பாதையில்தான் வருகிறது. கேட்ட நிரல் அவசரப்பட்டு மூடிவிட்டால், அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் ஷெல் பிராம்ப்டில் ‘1;2சி’ என்று அநாதையாகக் கிடக்கும்.

புது வசதி ஒன்றைக் கேட்டு, டெர்மினல் வாயே திறக்காவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதற்கொரு தந்திரம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் கேள்வியோடு சேர்த்து இந்தப் பழைய கேள்வியையும் பின்னாலேயே அனுப்பிவிட வேண்டும். இதற்குப் பதில் சொல்லாத டெர்மினல் இன்று அபூர்வம். பழைய கேள்விக்கான பதில் முதலில் வந்துவிட்டால், புது வசதி இல்லை, நடையைக் கட்டலாம்.

இவை இரண்டுக்கும் முந்தியது ஆன்சர்பேக். டெலிடைப் மாடல் 33 என்ற பழைய தொலைத் தட்டச்சுக் கருவிக்குள் ஒரு சிறிய உருளை, அதில் பற்களை ஒடித்து ஒடித்து 20 எழுத்துக்குள் அடையாளம் பதிப்பார்கள், ‘நீ யார்’ என்ற குறி வந்தால் உருளை சுழன்று பதில் அடிக்கும். எந்த நிலையம் என்று தெரியும், என்ன வசதி என்று தெரியாது. இன்று அதனால் தொல்லைதான். புட்டி என்ற டெர்மினல் நிரலில் தெரியாமல் ஒரு பைனரி கோப்பைக் கேட் கட்டளையால் திரையில் கொட்டிப் பாருங்கள், அந்தக் குறி அதில் கிடந்தால் பிராம்ப்டில் ‘புட்டிபுட்டிபுட்டி’ என்று வந்து நிற்கும்.

நான் டெர்மை எக்ஸ்டெர்ம்-256கலர் என்ற அந்தப் பொதுப் பெயரிலேயே விட்டுவிட்டேன். 24-பிட் வண்ணத்தைச் சொல்லும் கலர்டெர்ம் மாறியை எஸ்எஸ்ஹெச் தானாகக் கொண்டுபோகாது, அதனால் அதை மட்டும் எடிட்டரே டெர்மினலிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.