பன்னிரு குலங்கள்: தனித்தனி முகமா, ஒரே கூட்டமா?

மறுமலர்ச்சிக் கால அச்சுப்படங்களில் இஸ்ரவேலின் பன்னிரு குலங்களை எப்படி அடையாளம் காண்பது? அது ஓவியர் பைபிளின் எந்தப் பகுதியைக் கையில் எடுத்தார் என்பதைப் பொறுத்தது.

1550இல் மார்ட்டன் வான் ஹீம்ஸ்கெர்க் வரைந்த தொடரில், இந்தக் குலங்களின் முன்னோர்களான யாக்கோபின் பன்னிரு மகன்களுக்கு ஆளுக்கொரு படம். இவ்வகைப் படங்களுக்குச் சாவி பைபிளின் முதல் நூலான ஆதியாகமம், அதிகாரம் 49: மரணப்படுக்கையில் யாக்கோபு சொன்ன வார்த்தைகள். யூதாவுக்குச் சிங்கம், இசக்காருக்குக் கழுதை, நப்தலிக்குப் பெண்மான், பென்யமீனுக்கு ஓநாய், செபுலோனுக்குக் கப்பல்துறை. தாணுக்கு, குதிரையின் குதிங்காலைக் கடிக்கும் பாம்பு. அந்த அதிகாரத்தைப் படித்தவருக்குப் பெயர் எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆல்பிரெக்ட் ட்யூரர் 1498இல் வெளியிட்ட மரச்செதுக்கு அச்சுப்படத் தொடர் வேறு வழி. பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தின்படி, குலத்துக்குப் பன்னிரண்டாயிரம் பேராக 1,44,000 பேர் முத்திரை பெறுகிறார்கள். இதைக் காட்டும் படத்தில், நான்கு தூதர்கள் காற்றுகளைத் தடுத்து நிற்க, மண்டியிட்ட கூட்டத்தின் நெற்றியில் இன்னொரு தூதர் அடையாளமிடுகிறார். சிங்கமும் இல்லை, கப்பலும் இல்லை. யார் எந்தக் குலம் என்று பிரிக்கவே முடியாது. எனக்கு இந்தப் படமே நெஞ்சுக்கு நெருக்கம்.

குறியீடுகளைக் கற்க ஹீம்ஸ்கெர்க்கிடம்தான் போக வேண்டும். தாணைத் தேடுபவருக்கும் அதே வழிதான்: வெளிப்படுத்தின விசேஷத்தின் பட்டியலில் தாண் இல்லை, யாக்கோபின் பேரன் மனாசே இருக்கிறான். கடைசிக் காலத்தில் கிறிஸ்துவை எதிர்த்து வரும் அந்திக்கிறிஸ்து தாண் குலத்தில் பிறப்பான் என்று பழைய திருச்சபை ஆசிரியர்கள் சிலர் இதற்குக் காரணம் சொன்னார்கள்.