போன் சென்சாரில் ஜி விசை: ஏலகிரி வளைவில் நம்பலாம், வேகக் கணக்கில் நம்ப வேண்டாம்

போனுக்குள் இருக்கும் முடுக்கமானியை, அதாவது வேக மாற்றத்தை அளக்கும் சென்சாரை, எவ்வளவு தூரம் நம்பலாம்? பிரேக், வேகத்தடை, வளைவு என்று சில நொடிகளில் முடிகிற விஷயம் என்றால் தாராளமாக நம்பலாம். அதை வைத்து வேகமோ தூரமோ கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

இதை அளக்க ஃபைபாக்ஸ் (phyphox) என்ற ஆப் போதும். ஜெர்மனியில் ஆஹன் நகரப் பல்கலைக்கழகம் உருவாக்கியது; இலவசம், பதிவை எக்செல்லுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வேலை, பிசகு பார்ப்பது. போனை மேசையில் மல்லாக்க வைத்தால் இசட் அச்சில் (திரைக்குச் செங்குத்தான திசை) 9.81 மீ/நொடி² வரும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேலூரில் ஈர்ப்பு முடுக்கம் 9.78தான். மல்லாக்க 9.95, குப்புற −9.61 என்று காட்டினால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 0.17. அதுதான் அந்த அச்சின் பிசகு. ஒவ்வொரு பதிவிலும் கழிக்க வேண்டும். மற்ற இரண்டு அச்சுகளுக்கும் இதே மாதிரி. கோடையில் டாஷ்போர்டு வெயிலில் போன் சூடேறினால் இந்த எண்ணே மாறிவிடும். அதனால் வீட்டில் எடுத்த கணக்கை அப்படியே காரில் போடாதீர்கள்.

அடுத்தது பொருத்துவது. பெரும்பாலான பதிவுகள் கெடுவது இங்கேதான். கண்ணாடியில் ஒட்டும் நீளக்கை ஸ்டாண்டு தானே ஆடும். அந்த ஆட்டமும் பதிவாகும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு, காரின் நடுவில், சீட்டுக்கு அருகே தரையில் ஒட்டுங்கள். போனின் தலைப்பக்கம் வண்டி போகும் திசையில் இருக்கட்டும். ஒரு டிகிரி சாய்ந்தாலே 0.17 பொய்யாகச் சேரும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் இதற்கு அருமையான களம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால் பக்கவாட்டில் சுமார் 0.31 ஜி (ஒரு ஜி என்பது ஈர்ப்பு முடுக்கத்தின் அளவு) வர வேண்டும். 30 கி.மீ. என்றால் 0.7 ஜி, இரண்டு மடங்குக்கும் மேல். பின்சீட்டில் இருப்பவருக்குக் குமட்டுவது ஏன் என்று புரியும். பைக்கில் அதே வளைவில் பக்கவாட்டு அளவு கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். சென்சார் கெடவில்லை. பைக் சாய்வதால் மொத்த விசையும் வண்டியின் உயரவாக்கிலேயே இறங்குகிறது. மூன்று அச்சும் சேர்ந்த மொத்த அளவைப் பாருங்கள்: 20 கி.மீ. வேகத்தில் 1.05 ஜி.

பைக்கில் இன்னொரு சிக்கல் இன்ஜின் அதிர்வு. 6000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 100 சுற்று. சென்சாரும் நொடிக்கு 100 முறைதான் அளந்தால், அதிர்வு மறைந்து, இல்லாத ஒரு நிலையான முடுக்கம் தெரியும். போன் 200 முறை கொடுத்தாலும் அதிக ஆர்பிஎம் பதிவைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சக்திவாய்ந்த பைக் இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021ல் எச்சரித்திருக்கிறது. விலையுயர்ந்த போனை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள்.

வேகக் கணக்கு ஏன் ஆகாது? 0.05 பிசகு மிச்சம் இருந்தால் ஒரு நிமிடத்தில் அது நொடிக்கு 3 மீட்டராகச் சேர்ந்துவிடும். வேலூர் க்ரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் அசையாமல் நிற்கிற கார், கணக்கில் 11 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேகத்துக்கு ஜிபிஎஸ்ஸையே வையுங்கள்.