பெடாட் ஏஐ 4083: குறைவாகக் கடத்துவதுதான் இதன் தகுதி

பாலிமர் கலவையில் சின்னஞ்சிறு ஓஎல்இடி (மின்னோட்டத்தில் ஒளிரும் கரிமப் படலம்) செய்பவர்கள், அதன் அடியில் பூசும் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமர் திரவத்தை வாங்கும்போது, 'அதிகம் கடத்தும்' என்பதற்காகவே பிஎச் 1000 வகையை எடுத்துவிடுவது உண்டு. வேண்டாம். பிக்சல்கள் நெருக்கமாக இருந்தால் அந்தப் படலம் பக்கவாட்டிலும் மின்னோட்டத்தைக் கொண்டுபோகும். ஒன்றுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் பக்கத்துப் பிக்சலும் மங்கலாக எரியும். ஹெரேயஸ் நிறுவனத்தின் கிளீவியோஸ் பி விபி ஏஐ 4083 வகையில் மின்கடத்தும் பெடாட் ஒரு பங்குக்கு, கடத்தாத பிஎஸ்எஸ் ஆறு பங்கு. மின்தடைத்திறன் 500 முதல் 5000 ஓம் செ.மீ. படலத்தின் 40 நானோமீட்டர் தடிமனைக் கடக்க அது போதும், பக்கவாட்டில் ஓடப் போதாது. கண்ணாடிமேல் உள்ள ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு என்ற ஒளிபுகும் மின்முனை) பரப்பிலுள்ள கூர்முனைகளையும் மூடிவிடுவதால் குறுக்குச்சுற்று குறையும்.

பூசுவது எளிது, கண்ணாடி சுத்தமாக இருந்தால். சோப்புநீர், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் அல்ட்ராசோனிக். பிறகு 15 நிமிடம் யுவி ஓசோன். ஓசோனை விட்டால் திரவம் முத்துமுத்தாகத் திரண்டு படலத்தில் ஓட்டை விழும். வடிகட்டி 0.45 மைக்ரான் பிவிடிஎஃப், நீர் ஏற்கும் வகை. சாதாரண பிடிஎஃப்இ-யில் திரவம் இறங்காது. புட்டியைக் குலுக்கினால் நுரை வரும், நுரை படலத்தில் புள்ளியாகும். கண்ணாடியை நிமிடத்துக்கு 5000 சுற்றில் சுழற்றிப் பூசினால் ஏறத்தாழ 30–40 நானோமீட்டர் கிடைக்கும். கேத்தோடு (எதிர்மின்முனை) தொடுபுள்ளியை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு 150 டிகிரியில் 10 நிமிடம் சுட வேண்டும். துடைக்க மறந்தால் கசிவு மின்னோட்டம் நிச்சயம்.

இதன்மேல் பிஎஃப்ஓ (நீலமாக ஒளிர்வது), எஃப்8பிடி (பச்சையாக ஒளிர்வது) என்ற இரண்டு பாலிமர்களையும் 95:5 எடை விகிதத்தில், டொலுயீனில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைத்துப் பூசலாம். ஆற்றல் எஃப்8பிடி-க்குப் போய்விடுவதால் ஒளி நீலமாக இல்லாமல் பச்சையாக வரும். பெடாட் டொலுயீனில் கரையாது என்பது பெரிய வசதி. கடைசியாக, கேத்தோடாக 30 நானோமீட்டர் கால்சியம், 100 நானோமீட்டர் அலுமினியம்.

குறைகள் இல்லாமல் இல்லை. திரவம் அமிலம், நாளடைவில் ஐடிஓ-வை அரித்து இண்டியத்தை மேலே இழுத்துவரும். படலம் ஈரத்தை உறிஞ்சும். சுட்டதும் நைட்ரஜன் பெட்டிக்குள் வைக்காவிட்டால் கால்சியம் கெட்டுக் கரும்புள்ளிகள் பரவும். நீண்ட ஆயுள் வேண்டுமென்றால், ஆவிப்படிவு வசதி உள்ளவர்களுக்கு மாலிப்டினம் ஆக்சைடு நல்ல மாற்று.

தேவைக்கேற்பச் சிறிய புட்டியாக வாங்கி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்துவிட்டால் உருகிய பிறகு கட்டிதட்டிப் போகும், வடிகட்டினாலும் தேறாது.