தமிழில் டொமைன் எடுக்கப் போகிறீர்களா? காசு கட்ட முன் எழுத்தைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் அக்கா நடத்தும் சாறிக் கடையின் பெயர் கௌரி என்று தொடங்கும். டொமைனும், அதாவது கடையின் இணைய முகவரியும், தமிழிலேயே வேண்டும் என்று ஆசைப்பட்டார். வெப்சைட் செய்து தரும் ஒருவரிடம் முழுக் காசையும் முன்கூட்டியே கட்டினோம். வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தட்டினால் தளம் திறந்தது. ஆனால் விசிட்டிங் காட்டைப் பார்த்து டைப் செய்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் 'தளம் இல்லை' என்றே வந்தது. அதுவும் தீபாவளி வியாபார நேரத்தில்.

வெப்சைட் செய்தவரிடம் கேட்டதற்கு, "உங்கட ஃபோன்தான் பிழை, கீபோர்டை மாத்துங்கோ" என்றார்.

அவர் அனுப்பிய பெயரை நோட்பேடில் ஒட்டி, கர்சரை மெல்ல நகர்த்தினேன். அது 'கெ'க்கும் 'ள'வுக்கும் நடுவில் போய் நின்றது. கௌ ஒரே எழுத்து, கர்சர் அதற்குள் நுழையாது. அவர் பதிந்திருந்ததோ கெளரி, அதாவது 'கெ' போட்டுப் பக்கத்தில் தனி ளகரம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் டொமைன் அமைப்பு தமிழ்ப் பெயரை பியூனிகோட் முறையில் ஆங்கில எழுத்துக் கோவையாக்கித்தான் தேடும். இரண்டுக்கும் கோவை வேறு, ஆகவே முகவரியும் வேறு.

கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறி தரும் யூனிகோட் இதைத் தானே சரிசெய்யாதா? ஓரளவுக்குச் செய்யும். 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தாலும், என்எஃப்சி என்ற இயல்பாக்கம் அவற்றை ஒரே குறியாக்கிவிடும். 2010 இல் வந்த டொமைன் விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஔகாரத்தின் பின்பாதிக்கு ளகரம் போலவே தோன்றும் தனிக் குறி ஒன்று உண்டு, அதுவும் அப்படியே சேர்ந்துவிடும். உண்மையான ளகரத்தை மட்டும் சேர்க்க முடியாது. சேர்த்தால் 'தெளிவு' கெடும், 'வெள்ளவத்தை'யே கெடும். விதி சரியாகத்தான் இருக்கிறது. அந்த விதி எட்டாத இடத்தில் கவனிக்க வேண்டியது காசு வாங்கிப் பதிகிறவர்.

இதையெல்லாம் காட்டிய பிறகும், "சரியான பெயர் வேணுமெண்டால் திரும்பக் காசு கட்டுங்கோ" என்றார். எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. சரியான கௌரி அதுவரை யாரும் எடுக்காமல் கிடந்தது. யாராவது அதை வாங்கிப் போலிக் கடை போட்டு, கல்யாணச் சாறிக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அக்காவின் பெயர் என்னாகும்? வேறு இடத்தில் நாங்களே உடனே பதிந்துகொண்டோம்.

ஔகாரம் மட்டுமல்ல, 'ஸ்ரீ'யும் இப்படித்தான். ஸகரத்தில் தொடங்கினாலும் ஶகரத்தில் தொடங்கினாலும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே வடிவம். தமிழ் எண் ௧ அப்படியே ககரம் மாதிரி. இவற்றையும் இயல்பாக்கம் தொடாது.

ஆகவே பெயரை உங்கள் ஃபோனில் நீங்களே அடித்து, பியூனிகோட் மாற்றியில் போட்டு வரும் கோவையை, பதிந்து தருகிறவர் பதியப் போகும் கோவையோடு ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். ஔகாரப் பெயர் என்றால் இரண்டு வடிவத்தையும் எடுத்துவிடுங்கள், ளகரம் போட்டு அடிக்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அப்புறம், பதிவு உங்கள் கணக்கில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அக்கா காசு கட்டிய கெளரி இன்னும் அந்த வெப்சைட் செய்தவரின் கணக்கில்தான் இருக்கிறது, கேட்டால் பதில் இல்லை.