ஆபீசுக்கு ஐ.பி. போன் போடுகிறவர்கள் கவனத்துக்கு

கரூரில் எங்களுடையது சின்ன துணி ஏற்றுமதி ஆபீஸ். பழைய லேண்ட்லைனையும் இண்டர்காமையும் கழற்றிவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசும் போன்களை ஒரு டீலர் போட்டுக் கொடுத்தார். மாசம் முடிந்து வந்த பில்லில் வெளிநாட்டு அழைப்புகளுக்கு மட்டும் லட்சத்துக்கு மேல். எல்லாம் ஒரே சனிக்கிழமை ராத்திரி தொடங்கி ஞாயிறு விடியும் வரை, ஆபீஸ் பூட்டிக் கிடந்த நேரத்தில், எங்களுக்கு ஒரு வியாபாரமும் இல்லாத தீவு நாடுகளுக்குப் போனவை.

ஆபீஸ் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்க ஐ.பி. பி.பி.எக்ஸ் என்று ஒரு பெட்டியை மாட்டுகிறார்களே, அது ஒரு கம்ப்யூட்டர். வீட்டிலிருந்தும் மொபைலில் எக்ஸ்டென்ஷனை எடுக்கலாம் என்று காட்டுவதற்காக, டீலரின் ஆள் அதன் 5060 போர்ட்டை, அதாவது இந்த போன்கள் பெட்டியோடு தொடர்புகொள்ளும் வாசலை, இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருக்கிறார். எக்ஸ்டென்ஷன் 101, அதற்குப் பாஸ்வேர்டும் 101! இப்படித் திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத் தேடி உலகம் முழுக்க புரோகிராம்கள் ராத்திரி பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. உள்ளே நுழைந்துவிட்டால், நிமிடக் கட்டணம் அதிகமுள்ள எண்களுக்கு ஒரே நேரத்தில் பல அழைப்புகள் பறக்கும். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு திருடனுக்கே போகிறது. திங்கள் காலை வரை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதால்தான் வாரக்கடைசி. ஏற்றுமதிக்காரர்கள் என்று சொல்லி ஐ.எஸ்.டி.யை எல்லா நாட்டுக்கும் திறந்து விட்டிருந்தது வேறு அவர்களுக்கு வசதியாகப் போனது.

"அழைப்பு உங்க பெட்டியிலிருந்துதான் வந்திருக்கு, கட்டித்தான் ஆகணும்" என்கிறது போன் கம்பெனி. டீலரோ, "ஹேக் பண்ணினா நாங்க என்ன சார் பண்ண முடியும்?" என்கிறார். பாஸ்வேர்டு வைத்தது யார் என்று கேட்டால், அந்த டெக்னீஷியன் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

இதற்கு முன்னாலேயே குரல் விட்டுவிட்டுக் கேட்கும். நெட் ஸ்பீடு பத்தவில்லை என்று டீலர் பெரிய பிளானுக்கு மாற்ற வைத்தார். மாற்றியும் அப்படியேதான். நம் குரலை இந்த போன் பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, செகண்டுக்கு 50 பாக்கெட்டுகளாக அனுப்புகிறது. குரலை டிஜிட்டலாக மாற்றச் சாதாரணமாகப் பயன்படும் ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் செகண்டுக்கு 90 கிலோபிட் போதும், எந்த பிராட்பேண்டிலும் அது தூசு. பாக்கெட்டுகள் சீராக வந்து சேருவதுதான் முக்கியம். ஒரு திசையில் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிக்கொண்டே போனால் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு விழும். எங்கள் சிசிடிவி கேமரா பதிவுகள் அதே லைனில் அப்லோட் ஆகிக்கொண்டிருந்தன. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை வைத்ததும் சரியாகிவிட்டது. டீலர் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அப்புறம் கரண்ட். பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துவிடும். இப்போது மோடம், சுவிட்ச், பெட்டி, போன் எல்லாவற்றுக்கும் யூ.பி.எஸ் வேண்டும். கொட்டேஷனில் அந்த வரியே கிடையாது.

போன் முறையில் பெரிய குறை இல்லை. ஒரே எண்ணில் பல பேர் ஒரே நேரத்தில் பேசலாம். கோடவுனுக்கும் ஆபீசுக்கும் இடையே பேச காசில்லை, வெளியூரில் இருந்தாலும் எக்ஸ்டென்ஷன் மொபைலில் அடிக்கும். அதனால் வேறு ஆளை வைத்துச் சரிசெய்து அதையே பயன்படுத்துகிறோம். வியாபாரம் உள்ள நாடுகள் தவிர மற்ற ஐ.எஸ்.டி. பூட்டு, தினசரித் தொகைக்கு வரம்பு, வெளியிலிருந்து வி.பி.என் என்கிற பூட்டிய தனிப்பாதை வழியாக மட்டும் நுழைவு.

சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் சொல்லி, அந்தப் புகார் எண்ணோடு போன் கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம். பில் இன்னும் அப்படியே நிற்கிறது. அதே டீலர் உங்கள் ஆபீசுக்கும் வரலாம். பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கும், இப்படி ஒரு பில் வந்தால் யார் கட்டுவது, இந்த இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.