சரிவு நிலத்துக்குச் சாயும் பிவிசி மறைப்பு வேலி: வாங்கலாமா?

ரெடிமேடாக வரும் 6 அடி உயர, 8 அடி அகல பிவிசி வேலிகளில் சாயும் பேனல் தனி ரகம். மேலே ஒரு ரெயில் (கிடைச்சட்டம்), கீழே ஒரு ரெயில், நடுவே ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று செருகி நிற்கும் பலகைகள். பசையோ திருகோ இல்லாததால் ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகையை உரசிக்கொண்டு மேலும் கீழும் நகரும். ரெயில் நிலத்தோடு சாய்ந்தாலும் பலகை செங்குத்தாகவே நிற்கும், இடுக்கு விழாது. மறைப்புக்குப் போடும் வேலியில் வேறென்ன வேண்டும்? ஒரே சீராக இறங்கும் நிலம் என்றால் தாராளமாக வாங்கலாம். சாதாரண பேனலைப் படிபோல இறக்கினால், 8 அடிக்கு 1 அடி இறங்கும் இடத்தில் ஒவ்வொரு பேனலின் தாழ்ந்த முனையிலும் 1 அடி உயரத்துக்கு முக்கோண ஓட்டை விழும். நாய் சுலபமாக நுழைந்துவிடும்.

வாங்குமுன் ரெயிலில் பலகை நுழையும் பள்ளத்தில் டேப்பை விட்டு ஆழம் பாருங்கள். 8 அடிக்கு 1 அடி சரிவில், 6 இன்ச் பலகையின் ஒரு மூலை இன்னொரு மூலையைவிட 6 நூல் (முக்கால் இன்ச்) விலகி நிற்கும். பள்ளம் 1 இன்ச் ஆழம் என்றால் பிடிமானம் 2 நூல்தான். சரிவு இன்னும் கூடினால் ரெயில் ஓரத்தில் வெளிச்சம் தெரியும். பலகை முனையைச் சாய்வாக அறுத்தே ஆக வேண்டும்.

எல்லாத் தூணையும் 8 அடிக்கு ஒன்றாக முதலிலேயே நட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. 96 இன்ச் ரெயிலை 12 இன்ச் இறக்கத்தில் சாய்த்தால் மட்டத்தில் அது எட்டுவது 95.25 இன்ச். 24 இன்ச் இறக்கத்தில் 93 இன்ச்கூட வராது. ரெயில் முனை தூணின் துளையிலிருந்து நழுவிவிடும். ஒரு தூண் நட்டு, பேனலைக் கோத்து, அதன் பிறகே அடுத்த தூணுக்குக் குழி தோண்டுங்கள். இறக்கத்தை டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பாருங்கள். குழாயில் காற்றுக்குமிழி நின்றால் அளவு தப்பும்.

குறை என்றால் தூண்தான். அதன் துளைகள் மட்டமான ரெயிலுக்கென்றே வெட்டப்பட்டவை. சாய்ந்த ரெயில் நுழைய, துளையை அரத்தால் மேலோ கீழோ நீட்ட வேண்டும். ரெயிலைப் பிடித்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அராவுங்கள். அதிகம் போனால் ஓட்டை வெளியே தெரியும்.

9 அடித் தூணில் 3 அடி மண்ணுக்குள் போக வேண்டும். அந்த 3 அடியைக் குழியின் தாழ்ந்த ஓரத்திலிருந்து அளக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம்தான் மண்ணின் பிடிப்பு குறைவு. அடியில் 6 இன்ச் ஜல்லி, மேலே கான்கிரீட், அதன் தலைப்பு தூணிலிருந்து வெளிப்புறமாக வழிய வேண்டும்.

கேட்டுக்கு இந்தப் பேனல் வேண்டாம். சட்டம் மட்டமாக உள்ள தனிக் கதவாக வாங்கி, பள்ளப் பக்கம் திறக்கும்படி மாட்டுங்கள்; மேட்டுப் பக்கம் திறந்தால் பாதியிலேயே தரையில் இடிக்கும்.